12/30 என்ற எண் எதற்கு உத்தரவாதம்?

முதல் முறை அச்சு ஓவியம் வாங்கப் போகிறவர்களின் கண் நேராகப் போவது கீழ் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கும் எண்ணுக்குத்தான். 12/30 என்றால் மொத்தம் 30 பிரதிகள், அதில் இது 12 என்று எண்ணிட்டது. எட்சிங், லினோகட், ஜிக்லே என்று எந்த அச்சு முறையானாலும் இதே மாதிரிதான் எழுதுவார்கள். ஆனால் ஏன் முப்பதோடு நிறுத்தினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பதில் வரும். என்னைக் கேட்டால், விலை பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

டிரைபாயின்ட் என்ற முறையில் பதில் தகட்டிலேயே இருக்கிறது. செப்புத் தகட்டை ஊசியால் கீறும்போது கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழும்பி நிற்கும். மை அதில் தங்குவதால்தான் அந்தக் கோடு வெல்வெட் போலக் கறுத்துத் தெரிகிறது. அச்சு எந்திரத்தின் உருளை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பிசிறு கொஞ்சம் நசுங்கும். இருபது முப்பது பிரதிக்குள் அந்தக் கறுப்பு போய்விடும். தகட்டுக்கு இரும்பு முலாம் பூசினால் அதிகம் எடுக்கலாம்.

எட்சிங் அப்படியில்லை. அமிலம் அரித்த கோடு ஆழமானது, நூற்றுக்கணக்கில் தாங்கும். ஆகவே முப்பது என்பது கலைஞர் கொடுக்கும் வாக்கு மட்டுமே. வாக்கைக் காப்பாற்றுகிறவர்கள் கடைசிப் பிரதி எடுத்ததும் தகட்டின் குறுக்கே கோடு கிழித்துவிடுவார்கள். கிழிக்காத தகடு என்ன ஆகும் என்பதற்குக் ஸ்பானிய ஓவியர் கோயாவின் ‘காப்ரிச்சோஸ்’ தொகுப்பு சாட்சி. 1799-இல் 80 படங்கள் கொண்ட தொகுப்பாக சுமார் 300 பிரதிகள் வந்தன. 1803-இல் தகடுகள் ஸ்பெயின் அரசர் கைக்குப் போயின. அப்புறம் 1937 வரை அதே தகடுகளிலிருந்து மறுபதிப்புகள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். முதல் பதிப்பில் பட்டுப் போல இருந்த சாம்பல் நிழல் பிந்தைய பதிப்புகளில் தேய்ந்து வெளிறிக் கிடக்கிறது. எல்லாமே கோயாதான், ஆனால் ஒரே பொருள் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரே லினோலியம் பலகையைச் செதுக்கிக்கொண்டே போகும் லினோகட். பிக்காஸோ 1950-களின் கடைசியில் இதில் இறங்கி வேலை செய்தார். முதலில் மஞ்சளை எல்லாத் தாளிலும் அச்சடிக்க வேண்டும். பிறகு மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களைப் பலகையிலிருந்து செதுக்கி எடுத்துவிட்டுச் சிவப்பு, அதற்கப்புறம் கறுப்பு. கறுப்பு முடியும்போது மஞ்சள் அடித்த பலகை உலகத்திலேயே இல்லை. கடைசி நிறத்தில் ஒரு தாள் விலகிவிட்டால் அதற்கு மாற்று கிடையாது. முப்பது தாளில் தொடங்கி இருபத்திரண்டில் முடிவது சாதாரணம். இங்கே எண்ணிக்கையை யாரும் சத்தியம் செய்து காப்பாற்ற வேண்டியதில்லை.

ஜிக்லே என்பது உயர்தர இங்க்ஜெட் அச்சு. அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்ததே 1991-இல்தான். பருத்தித் தாளில் நிறமி மையால் அச்சடித்தது நெடுநாள் மங்காது, எண்ணெய் ஓவியத்தின் நிறத்தைக் கிட்டத்தட்ட அப்படியே கொண்டுவரும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோப்பு கணினியில் பத்திரமாக இருக்கிறது. முப்பது விற்றதும் அதே படத்தைச் சற்றுப் பெரிய அளவில் ‘புதிய பதிப்பு’ என்று இன்னொரு ஐம்பது போட எதுவும் தடுக்காது. வாங்கினால், எல்லா அளவும் சேர்த்து மொத்தம் எத்தனை என்று எழுதி வாங்குங்கள்.

எண்ணே போடாத பிரதிகளும் உண்டு. ரவி வர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் ஓலியோகிராஃப்கள், அதாவது எண்ணெய் ஓவியம் போலத் தெரியும் வண்ண அச்சுகள், அப்படித்தான் வீடு வீடாகப் போயின. எண்ணிட்ட ஜிக்லேக்கு எட்சிங் விலை கொடுப்பதைவிட, எண்ணில்லாத ஒரு நல்ல லினோகட்டைக் குறைந்த விலைக்கு வாங்குவது எவ்வளவோ மேல்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் 9/22 என்று எண்ணிட்ட ஒரு லினோகட் மாட்டியிருக்கிறேன். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது கறுப்பு மை தாளிலிருந்து லேசாக மேடிட்டு நிற்பது தெரியும். இடது ஓரத்தில் சிவப்பு அரை மில்லிமீட்டர் விலகி மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. மற்ற 21 பிரதிகளில் அந்த மஞ்சள் இதே இடத்தில் இதே மாதிரி இருக்காது.