எர்த் அடிக்கும் பெட்டி: மூன்று வருடம் தூக்கித் திரிந்த பிறகு

நானே செய்த, தூக்கிக்கொண்டு போகிற கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. போன வாரம் அதன் ரைசர் கேபிளை (கிராஃபிக்ஸ் கார்டைப் போர்டோடு இணைக்கிற பட்டை ஒயர்) மாற்றினேன். பெட்டியைப் பிரித்து வைத்திருந்த படத்தைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டதுதான் தாமதம், பொள்ளாச்சியிலிருந்து மாமா பையன் கூப்பிட்டுவிட்டான். "மச்சான், ஹாஸ்டலுக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்களேன்." போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

உள்ளே இருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மினி ஐடிஎக்ஸ் என்கிற சின்ன மதர்போர்டு, ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, கரண்ட் கொடுக்க 450 வாட் எஸ்எஃப்எக்ஸ் (சின்ன அளவு) எஸ்எம்பிஎஸ். போர்டு ஒரு பக்கம், கிராஃபிக்ஸ் கார்டு அதற்கு முதுகு காட்டி மறுபக்கம், நடுவில் ரைசர். கடையில் விற்ற டேன் ஏ4 என்கிற சின்ன கம்ப்யூட்டர் பெட்டி இதே அமைப்பை 7.2 லிட்டரில் அடக்கியது. என்னுடையது 37 × 24 × 13 செ.மீ., கிட்டத்தட்ட 11.5 லிட்டர். 15.6 இன்ச் லேப்டாப் திரையும் கைப்பிடியும் அதோடு சேர்த்தி. எடை 6.8 கிலோ. 2 மி.மீ. அலுமினியத் தகடு, லேசர் கட்டிங்கும் பெண்டிங்கும் கணபதியில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில். கோயமுத்தூரில் இருப்பதால் எனக்கு இது சுலபம். இரண்டே இரண்டு தகடு வெட்டித் தர ஆள் கிடைக்கிற ஊர் இது.

முதலில் கைப்பிடி. இந்தப் பெட்டியில் நான் செய்த உருப்படியான வேலை எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். முதல் தடவை அளவெடுத்துச் சரியாக நடுவில் மாட்டினேன். தூக்கினால் பெட்டி கார்டு இருக்கும் பக்கம் சாய்ந்து, நடக்க நடக்க முழங்காலில் இடித்தது. உக்கடத்தில் பஸ் ஏறி பொள்ளாச்சியில் இறங்குவதற்குள் வலது முட்டி கன்றிப்போனது. மறுநாள் பெட்டியை நைலான் கயிற்றில் கட்டி, மாமா வீட்டுத் திண்ணை விட்டத்தில் தொங்கவிட்டேன். கயிற்றை நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில் 14 மி.மீ. கார்டு பக்கம் தள்ளியதும் பெட்டி தூக்குக் குண்டு மாதிரி நேராக நின்றது. அங்கேயே பென்சிலால் குறித்துக்கொண்டேன். பழைய நிலைச் சட்டத்தில் மிஞ்சிய தேக்குத் துண்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்து உருட்டி வாங்கி, அந்தக் குறியில் மாட்டியாயிற்று. இப்போது 6.8 கிலோ கையில் தெரிவதே இல்லை. பிடித்துப் பிடித்து விரல் படும் இடம் மட்டும் வழவழவென்று கறுத்திருக்கிறது. தினமும் ஒருமுறையாவது காரணமே இல்லாமல் அதைத் தொட்டுப் பார்க்கிறேன்.

சூட்டுப் பிரச்சினையும் இருந்தது, தீர்ந்துவிட்டது. முதல் பெட்டியில் திரையைப் போர்டுக்கு முன்னால் அசையாமல் பொருத்தியிருந்தேன். 37 மி.மீ. உயரக் கூலருக்கு மூச்சுவிட வழியில்லை. பிராசஸர் 90 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டது. இரண்டாவதில் மேல் விளிம்பில் பியானோ கீல் வைத்தேன். திரையின் கீழ்ப்பக்கத்தை முன்னால் இழுத்து நிறுத்தினால் முகம் பார்க்கிற கோணமும் கிடைக்கிறது, பின்னால் காற்றுக்கு இடமும் கிடைக்கிறது. சூடு இப்போது 76 டிகிரி. அத்தோடு சரி.

மரையைப் பற்றி ஒரு வார்த்தை. 2 மி.மீ. அலுமினியத்தில் நேரடியாக எம்3 மரை போடாதீர்கள். நாலு தடவை திறந்து மூடினால் மரை போய்விடும். ரிவெட் நட் (தகட்டுத் துளையில் இறுக்கிப் பதிக்கிற, உள்ளே மரை உள்ள நட்) போடுங்கள். கார்டின் வால் பக்கத்தையும் ஒரு தாங்கியில் கட்டிவிடுங்கள். நான் கட்டாமல் விட்டேன். பஸ் குலுக்கலில் கார்டு ஆடி ஆடி ரைசரின் கனெக்டர் தளர்ந்துபோய், போன வாரம் திரை கறுத்தது அதனால்தான். கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் வேகத்துக்குத் தலைமுறைக் கணக்கு உண்டு, ஜென் என்பார்கள். புது கேபிள் ஜென் 3 வகை, கார்டு ஜென் 4. பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) ஆட்டோ என்று விட்டால் மறுபடியும் கறுப்பு. ஜென் 3 என்று நாமே வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை, விளையாட்டில் வித்தியாசமும் தெரியவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இந்தப் பெட்டி எர்த் அடிக்கிறது.

என் வீட்டில் அடிக்காது. அடுத்தவர் வீட்டில் அடிக்கும். தூக்கிக்கொண்டு போவதற்காகவே செய்த பெட்டி, போகிற வீட்டில் எல்லாம் விரலில் சுர்ரென்று பிடித்தால் எப்படி இருக்கும்? முதல் வருடம் முழுக்க என் வேலையில்தான் பிழை, எங்கோ ஒயர் உரசுகிறது என்று நினைத்து நாலு தடவை பிரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலும் குறையில்லை. அதன் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்து பெட்டியின் உலோக உடலுக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து உடலுக்கு. எர்த் ஒழுங்காக இருந்தால் அதில் கசிகிற கரண்ட் பச்சை ஒயர் வழியாகப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உடல் அந்த இரண்டுக்கும் நடுவில் தொங்கும், 230-இல் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட்டில். கெபாசிட்டர் ஒவ்வொன்றும் 4.7 நானோஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் தொடுகிறவர் வழியாக ஓடுவது சுமார் 0.34 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்லாது, கசிவைக் கண்டு 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி சுவிட்சும் இதற்கு அசையாது. ஆனால் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று விரல் நுனியால் தடவினால் நன்றாகவே தெரியும். எல்லா டெஸ்க்டாப்பிலும் இருக்கிற சங்கதிதான். அவை ஒரே மூலையில் கிடக்கின்றன, அதுவும் பெயின்ட் பூசிக்கொண்டு. நான் செய்தது பளபளவென்று தேய்த்த வெற்று அலுமினியம், அதுவும் ஊர் ஊராகப் போகிறது.

பவுடர் கோட்டிங் அடித்தேன். சுரீர் குறைந்தது, திருகுத் தலைகளில் மட்டும் அப்படியே இருந்தது. பிறகுதான் அதைவிட மோசமான ஒன்று புரிந்தது: கோட்டிங் தகட்டுக்குத் தகடு தொடர்பையே அறுத்துவிட்டது. உள்ளே ஒரு ஃபேஸ் ஒயர் கழன்று மூடியைத் தொட்டால், அந்த மூடிக்கு எர்த்தே கிடையாது. ஒவ்வொரு இணைப்பிலும் கோட்டிங்கைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, திரை மூடிக்குத் தனியாகப் பச்சை மஞ்சள் ஒயர் இழுத்தேன். பெட்டி இப்போது ஒரே உடம்பு. எர்த் இருக்கும் வீட்டில் முழுப் பாதுகாப்பு. எர்த் இல்லாத வீட்டில் எல்லாத் தகடும் சேர்ந்து அடிக்கும். அதற்கு நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

போன பொங்கலுக்கு மாமா வீட்டில் பிள்ளைகள் டிவியில் விளையாட வேண்டும் என்றார்கள். பெட்டி ஓடிக்கொண்டிருக்க, எச்டிஎம்ஐ ஒயரை டிவியின் பின்னால் கொண்டுபோனேன். முனை உள்ளே போகுமுன் விளிம்பில் கடுகளவு நீலப் பொறி. அந்த போர்ட் அதோடு போயிற்று. டிவிக்குக் கேபிள் ஒயரின் மேல் உறை வழியாக எங்கோ எர்த் இருந்திருக்கிறது, என் பெட்டிக்கு இல்லை. இரண்டும் முதலில் சந்தித்த இடம் அந்த போர்ட். "போகுது விடு மாப்ள, இன்னொரு ஓட்டை இருக்குதுல்ல" என்றார் மாமா. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. எச்டிஎம்ஐ மாட்டும்போது இரண்டு பக்கமும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள் என்று இன்று பார்க்கிறவரிடம் எல்லாம் சொல்கிறேன்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பெட்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் 108 வோல்ட். அத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கா கண்ணு இப்படி உக்காந்துட்ட? நம்ம வாஷிங் மெஷினும் அப்படித்தான் புடிக்கும். நா செருப்புப் போட்டுட்டுத்தான் தொடுவேன்." எத்தனை வருடமாக என்று கேட்டேன். வாங்கின நாளிலிருந்து என்றார். தொடுவதற்கு முன் புறங்கையால் ஒருமுறை தட்டிப் பார்க்கிற வழக்கமும் அவருக்கு வந்திருந்தது.

எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் பாக்ஸைக் கழற்றினார். மூன்று ஓட்டை பிளக்தான். மேல் ஓட்டையிலிருந்து போன பச்சை ஒயர் சுவிட்ச் பாக்ஸுக்குள்ளேயே நறுக்கிக் கிடந்தது. நம் பிளக்கில் அந்த மேல் முள்ளைத் தடியாகவும் நீளமாகவும் வைத்ததே எர்த் முதலில் சேர்ந்து கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக. இங்கே அது சேர்வதற்கே ஒன்றும் இல்லை. "நியூட்ரல்ல இருந்து எர்த்துக்கு ஒரு லூப் போட்டுட்டா முடிஞ்சுதுங்க தம்பி" என்றார். முடியாது என்று நான் குரலை உயர்த்திவிட்டேன். எங்கோ நியூட்ரல் அறுந்தால் அந்த லூப் வழியாக முழு 230 வோல்ட்டும் வாஷிங் மெஷின் உடம்பில் வந்து நிற்கும். அத்தை செருப்பு போட்டிருக்கிறாரா இல்லையா என்பதை நம்பி வீட்டு ஒயரிங் இருக்கக் கூடாது. யார் இந்த லூப் போடச் சொன்னாலும் விடாதீர்கள்.

மாமா என் பக்கம் நின்றார். தென்னை மரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டி, ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார்கள். மெயின் போர்டுக்குக் கனமான ஒயர், அங்கிருந்து எல்லா பிளக்குக்கும் பச்சை. மறுநாள் மீட்டரில் 108 இருந்த இடத்தில் ஒரு வோல்ட் கூட இல்லை. அத்தை வெறுங்காலோடு ஈரக் கையை வாஷிங் மெஷின் மேல் வைத்து, எடுக்காமல், என்னைத் திரும்பிப் பார்த்தார். கோடையில் அந்தக் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது இப்போது அவர் பொறுப்பு.

மாமா பையனுக்கு என் பதில்: வேண்டாம்டா. மூன்று வருடத்தில் என் கையால் செய்ததில் இதைவிட எனக்குப் பிடித்தது வேறில்லை, விற்கவும் மாட்டேன். ஆனால் உன் ஹாஸ்டலில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நாலு பேர் சார்ஜர் தொங்கும், அது போய்ச் சேர்கிற பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று உனக்குத் தெரியாது. பிளாஸ்டிக் உடம்பு லேப்டாப் வாங்கிக்கொள். ஆலை, கல்லூரி, வீடு என்று போன இடத்தில் எல்லாம் மேல் ஓட்டையைச் சும்மா பேருக்கு வைத்திருக்கிற ஊரில், உலோகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலை என்று உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டிராயிங் கேட்டாய், அனுப்பியிருக்கிறேன். அதில் கைப்பிடித் துளை இன்னும் பழைய இடத்தில்தான் இருக்கிறது. பட்டறைக்குக் கொடுப்பதற்கு முன் 14 மி.மீ. கார்டு பக்கம் தள்ளிவிடு.