எந்த நிறம் நின்றது, எது போனது: பருத்தியில் இயற்கைச் சாயம், மூன்று கோடைக்குப் பிறகு

தொட்டியிலிருந்து எடுக்கும்போது எல்லாச் சாயமும் அழகுதான். வேலூர் வெயிலிலும் போர் தண்ணீரிலும் மூன்று கோடை அடிபட்ட பிறகு நிற்கிறவை கொஞ்சம்தான்: அவுரி நீலம், மஞ்சிட்டி என்ற கொடியின் வேர் தரும் சிவப்பு, மாதுளந்தோல் மஞ்சள், கடுக்காயும் இரும்பும் சேர்ந்த கறுப்பு. மஞ்சள்தூள் பருத்திக்கு ஆகாது. சில நாள் வெயிலிலேயே வெளுக்கும், சோப்பு பட்டால் சிவக்கும். பதிமுகம் என்ற மரக்கட்டைச் சாயம் முதல் வாரம் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு. பிறகு தோள்பட்டை வெளிறி, வியர்வை படும் அக்குள் மஞ்சளாகத் திரிந்துவிடும். பீட்ரூட், செம்பருத்தி இரண்டும் சாயமே இல்லை, வெறும் கறை.

ஆனால் நிறம் நிற்பதும் போவதும் சாயத்தைப் போடுவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. குடியாத்தம் பக்கம் தறியிலிருந்து வரும் கோராத் துணியில் (வெளுக்காத துணி) பாவுக்கு, அதாவது நீளவாட்டு நூலுக்கு, ஏற்றிய கஞ்சியும் பருத்தியின் இயல்பான மெழுகும் இருக்கும். அதை எடுக்காமல் போட்ட சாயம் நூலின் மேலே உட்கார்ந்து, நாலு துவைப்பில் கழன்றுவிடும். ஒரு கிலோ உலர்ந்த துணிக்கு (ஏறக்குறைய நாலு சட்டை) 30 லிட்டர் தண்ணீர், 40 கிராம் சலவை சோடா. எவர்சில்வர் அண்டாவில் இரண்டு மணி நேரம் கொதிக்க வேண்டும். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தால் கொட்டிவிட்டு அலசவும். காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சினால் சரி. முத்தாக நின்றால் மறுபடியும் கொதிக்க வையுங்கள்.

அடுத்தது கடுக்காய். ஜவ்வாது மலையில் விளைவது, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். குரோம் என்ற ரசாயன உப்பு வருவதற்கு முன்பு நம் பக்கத்துத் தோல் பதனிடுதல் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பித்தான் நடந்தது. தோலைப் பதப்படுத்தும் அதே துவர்ப்புதான் பருத்தியில் சாயத்தைப் பிடித்து வைக்கிறது. 'கடுக்காய்க்கு அகநஞ்சு' என்று மருந்துக்குக் கொட்டையை நீக்குவார்கள். துவர்ப்பு சதையில்தான் என்பதால் இங்கேயும் நீக்க வேண்டும். ஒரு கிலோ துணிக்கு 200 கிராம் பொடியை இரவு ஊறவைத்து வடிகட்டி, துணியைச் சில மணி நேரம் அதில் அமுக்கி, பிழிந்து, அலசாமல் காயப் போடவும்.

இந்த இடத்தில்தான் தண்ணீர் காலை வாரும். ஒரு டம்ளரில் போர் தண்ணீர், இன்னொன்றில் மழைத்தண்ணீர் எடுத்து, இரண்டிலும் ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடி போட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். மழைத்தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். போர் தண்ணீர் சாம்பல் பூத்தால் அதில் இரும்பு இருக்கிறது. அதில் எந்த மஞ்சள் நிறமும் மங்கித்தான் வரும். இரும்பில்லாத வெறும் உப்புத் தண்ணீர் என்றால் அது வேறு கதை. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மஞ்சிட்டிக்கும் சாயவேருக்கும் (இதுவும் சிவப்புத் தரும் ஒரு வேர்) நல்லது, சிவப்பு அழுத்தமாக வரும்.

கடுக்காய் ஏறி உலர்ந்த துணிக்குப் படிகாரம் 150 கிராம். சுடுதண்ணீரில் கரைத்து, தனியே கரைத்த 20 கிராம் சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் நுரைத்துப் பொங்கிவிடும். ஒரு நாள் ஊறி, நிழலில் உலர்ந்து, இன்னும் நாலைந்து நாள் மடித்து வைத்த துணியில் நிறம் கூடுதலாக ஏறுகிறது. இந்தக் காத்திருப்பை விட்டுவிடாதீர்கள்.

மஞ்சிட்டி கிலோவுக்கு முக்கால் கிலோ. மாதுளந்தோல் காய்ந்தது அரைக் கிலோ போதும். துணியை நனைத்தே போடவும். இளம் சூட்டில் தொடங்கி ஒரு மணி நேரம் மெல்ல ஏற்றி, இன்னொரு மணி நேரம் புரட்டிக்கொண்டே இருக்கவும். திட்டுத் திட்டாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரச் சூடும் சின்னப் பாத்திரமும்தான்.

கறுப்புக்குப் படிகாரம் வேண்டாம். கடுக்காய்த் துணியை, 20 கிராம் அன்னபேதி (இரும்பு உப்பு) கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் முக்கினால் கண்ணெதிரே கருக்கும். ஆசைப்பட்டு அளவைக் கூட்டினால் ஒன்றிரண்டு வருடத்தில் துணி நைந்து, மடிப்பில் கிழியும். இன்னும் கறுப்பாக வேண்டுமென்றால் கடுக்காயிலிருந்து மறுபடி தொடங்குவதே சரி. இந்தக் கறுப்புக்கு எதிரி புளிப்பு: ரசமோ எலுமிச்சைச் சாறோ சிந்தினால் அந்த இடம் வெளுக்கும். உடனே தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

அவுரிக்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். தலைக்குப் போடும் அவுரி இலைப்பொடியை வாங்கி ஏமாறாதீர்கள், தேவை நீலக்கட்டி, அதாவது அவுரி இலையிலிருந்து பிரித்துக் கட்டியாக்கிய சாயம். பொடித்தது 50 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 100, நாட்டு வெல்லம் 150, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர். மேலே செம்பு மினுக்கும் நீல நுரையும், அடியில் மஞ்சள் கலந்த பச்சையும் தெரிந்தால் தொட்டி தயார். அடியிலும் நீலமாகவே இருந்தால் வெல்லமோ சூடோ போதவில்லை. மூன்று நிமிடம் முக்கு, பதினைந்து நிமிடம் காற்று, பச்சை நீலமாகும். இப்படி ஆறேழு முறை. ஒரே முக்கில் கருநீலம் எடுத்த சட்டை, பனியனிலும் கழுத்திலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ரெடிமேட் சட்டையில் தையல் நூல் பாலியெஸ்டர். அது சாயம் ஏறாமல் வெள்ளையாகவே நிற்கும். சுருங்காத சட்டை என்று விற்பவற்றில் பூச்சு இருப்பதால் அவையும் சரிவராது. துவைக்கப் பூந்திக்கொட்டை நல்லது. உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயப் போடுங்கள். மொட்டைமாடிக் கொடியில் போட்ட சட்டையின் தோள்பட்டைதான் எப்போதும் முதலில் வெளுக்கிறது.