‘எக்ஸ்போர்ட் லினன்’ என்று போடிங் வாசலுக்கு வருபவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள்

திருகோணமலை வளாகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கும், கோணேசபுரி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கம் போடிங்கில் வாடகைக்கு அறை எடுத்து இருக்கிற தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன். வட்ஸ்அப் ஸ்டேடஸில் உடுப்புப் படம் போட்டு, பாதிக் காசை முதலிலேயே வங்கியில் போடச் சொல்லி, மோட்டார் சைக்கிளில் வாசலுக்கே கொண்டுவந்து தருகிற ஒருவர் என்னையும் என் அறைத் தோழிகளையும் ஏமாற்றிவிட்டார். அவருடைய பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் நடக்கட்டும். ஆனால் அவர் செய்த விதம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதே வேலையை வேறு ஆட்களும் இங்கே செய்துகொண்டிருக்கிறார்கள்.

நான் மலையகத்துப் பிள்ளை. கம்பஸுக்கு வரும்போது என் பெட்டியில் இருந்ததெல்லாம் ஹட்டன் குளிருக்கு வாங்கியவை. தடித்த துணி, முழுக்கை, கழுத்து மூடியவை. மத்தியானம் நிலாவெளி வீதி பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்களுக்கு அவற்றை இங்கே போட முடியாதென்று நான் சொல்லத் தேவையில்லை. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைக் கடைகளில் தொங்குகிற தளர்ந்த சட்டைகளைப் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அவை வெள்ளைக்காரருக்கு வைத்த விலை. மே தொடங்கி செப்டெம்பர் வரை சீசன், அந்த நேரம் பேரம் பேசிப் பலன் இல்லை. திருகோணமலை ரவுணில் மத்திய வீதிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் நான் தேடியது முழங்காலுக்குக் கீழே இறங்குகிற குர்தா, முக்கால் கை, மணி வேலை எதுவும் இல்லாத வெறும் கழுத்து, பக்கத்தில் ஒரு பொக்கெட். அது அங்கே இருக்கவில்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று வீட்டில் கேட்பார்கள். வீட்டில் எடுத்துத் தந்ததையும் அக்கா போட்டுக் கழித்ததையும் உடுத்தே வளர்ந்த பிள்ளை, தன் கையில் இருக்கிற கொஞ்சக் காசில் தனக்குப் பிடித்ததை முதன்முதலாகத் தெரிவு செய்வது பெரிய விஷயம்தான். அந்த ஆசையை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள், அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

மகாபொல புலமைப்பரிசில் காசு விழுகிற கிழமை இவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கிழமையில்தான் புது டிசைன் வரும். பிரசன்டேஷன் நாட்கள் நெருங்கும்போது ‘ஒஃபிஸ் வெயார்’ வரும். எங்களுக்கு வந்த படத்தில் நான் மனதில் வைத்திருந்த குர்தாவே இருந்தது. சாம்பல் கலந்த பச்சை நிறம், நெசவு கண்ணுக்குத் தெரிகிற துணி. ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், 100 வீதம் லினன், கட்டுநாயக்க ஃபக்டரிச் சரக்கு’ என்று கீழே எழுதியிருந்தார். விலை 3,200 ரூபாய், முற்பணம் 1,600. எங்கள் அறையிலிருந்து நான்கு பேர் ஓடர் கொடுத்தோம்.

ஏற்றுமதிக்கு உடுப்புத் தைக்கிற ஃபக்டரிகள் இருக்கிற கட்டுநாயக்க என்றதும் எல்லாரும் நம்பக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டு ஓடருக்குத் தைத்து மிஞ்சியதும், சின்னக் குறையால் கழிக்கப்பட்டதும் உள்ளூர்ச் சந்தைக்கு வருவது உண்மை. அதில் நல்ல சாமான் மலிவாக அகப்படுவதும் உண்மை. ஆனால் அப்படி வருகிற உடுப்பில் பெரும்பாலும் பிராண்ட் லேபலைப் பாதியாக வெட்டியிருப்பார்கள், அல்லது அதன்மேல் கோடு கீறியிருப்பார்கள். எங்களுக்கு வந்தவற்றில் பெரிய வெளிநாட்டு பிராண்ட் ஒன்றின் லேபல் பளபளவென்று முழுசாக இருந்தது.

அவர் வந்தது இருட்டிய பிறகு. மோட்டார் சைக்கிளை நிற்பாட்டவே இல்லை. “தங்கச்சி, இன்னும் நாலு போடிங்குக்குப் போகவேணும். மிச்சக் காசைத் தாங்க, உள்ளே போய் ஆறுதலாப் போட்டுப் பாருங்க” என்றார். பற்றுச்சீட்டு கேட்டோம். “வங்கி ஸ்லிப் இருக்குத்தானே, அதுதான் பில்” என்றார். அந்த வங்கிக் கணக்கு அவருடைய பெயரிலும் இல்லை, அவருடைய பேஜின் பெயரிலும் இல்லை.

உள்ளே லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் நிறம் மட்டும்தான் படத்தில் இருந்தபடி இருந்தது. ஆளிச் செடியின் நாரில் நெய்கிற லினன் துணியில் நூல் ஒரு இடத்தில் தடித்தும் ஒரு இடத்தில் மெலிந்தும் ஓடும், கையில் கசக்கினால் உடனே சுருக்கம் விழும். இதைக் கசக்கிப் பிடித்துவிட்டு விட்டால் ஒரு மடிப்பும் விழவில்லை. நெசவு போலத் தெரிந்தது மேலே அடித்த பிரின்ட். உள்பக்கம் வெறும் வெள்ளை. பக்கத் தையலில் துணி அரை விரல் அகலம்கூட விடவில்லை, கொஞ்சம் பிரித்து அகலமாக்கவும் வழி இல்லை. பிராண்ட் லேபலை நகத்தால் தூக்கிப் பார்த்த தோழிதான் அடியில் இன்னொரு லேபல் இருப்பதைக் கண்டாள். அதில் 100 வீதம் பொலியெஸ்டர் என்றே அச்சடித்திருந்தது.

அப்புறம் தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் குசினியில் நெருப்பில் பிடித்தோம். பருத்தியோ லினனோ என்றால் கடதாசி எரிகிற மணம் வரும், சாம்பல் விரலில் பட்டால் பொடியாக உதிரும். இந்த நூல் எரியாமல் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாக ஒரு சின்ன மணி உருண்டு நின்றது. ஆறிய பிறகு அழுத்திப் பார்த்தேன், உடையவில்லை.

பொலியெஸ்டர் கெட்ட துணி என்று நான் சொல்லவில்லை. மாரி மழை தொடங்கி உடுப்புக் காயாத நாட்களில் அது உதவும். ஆனால் இந்த வெயிலுக்கு அது சரிவராது. லினன் தன் எடையில் ஏறக்குறைய 12 வீதம் ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கக்கூடியது, பருத்தி 8.5 வீதம், பொலியெஸ்டர் வெறும் 0.4 வீதம். வியர்வை துணிக்குள் போகாமல் முதுகிலேயே ஓடுவது இதனால்தான். பொலியெஸ்டர் என்று சொல்லி 1,200 ரூபாய்க்கு விற்றிருந்தால் விரும்பியவர் வாங்கியிருப்பார். லினன் என்று பொய் சொல்லி லினன் விலை வாங்கியதுதான் களவு.

அன்று இரவே படங்களோடு அவருக்கு எழுதினேன். முதலில் “அது லினன் மிக்ஸ்” என்றார். உள் லேபலின் படத்தை அனுப்பியதும் “ஓடர் செய்த உடுப்பு மாற்றுவதில்லை” என்றார். அப்படி ஒரு நிபந்தனையை அவர் அதற்கு முன் எங்கேயும் சொல்லவில்லை. பிறகு வந்ததை அப்படியே எழுதுகிறேன்: “ஒரு குர்தாவுக்கு இவ்வளவு சத்தமா? வசதி இல்லாட்டி வாங்காம இருந்திருக்கலாம்.” அதோடு என்னை புளொக் செய்துவிட்டார். என் தோழி தன் போனிலிருந்து புது ஓடர் கேட்பதுபோல எழுதினாள். உடனே பதில் வந்தது, வங்கி இலக்கத்தோடு. இந்த முறை வேறொருவர் பெயரில் வேறு கணக்கு.

காசு போனதைவிட அந்த ஒரு வரிதான் எங்களைச் சுட்டது. வசதி இல்லாத பிள்ளைகள் என்று தெரிந்துதான் எங்கள் வாசலுக்கு வருகிறார். கேள்வி கேட்டால் அதையே எடுத்து முகத்தில் எறிகிறார். வெட்கப்பட்டு வாயை மூடிவிடுவோம் என்பதுதான் அவருடைய நம்பிக்கை. எங்கள் போடிங்கிலேயே, போன வருடம் இதே ஆளிடம் வாங்கி ஒருவருக்கும் சொல்லாமல் இருந்த அக்காமார் இருக்கிறார்கள்.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தரத்தான் வேண்டும். வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதை 30ஆம் பிரிவும், பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதை 31ஆம் பிரிவும் தடுக்கின்றன. அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், அதுவும் பொருளை விற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போட்டால் அந்தக் காலம் போய்விடும். நாங்கள் வங்கி ஸ்லிப், அவருடைய ஸ்டேடஸின் ஸ்கிரீன்ஷொட், இரண்டு லேபலும் தெரிகிற படம் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தோம். ஸ்டேடஸ் 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும், அதனால் ஓடர் கொடுக்கும்போதே ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிடுங்கள்.

பட்ச் ரி-சேட் அடிக்கப் பொறுப்பு எடுத்திருக்கிற தம்பிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாதிரிக்கு ஒரு தடித்த நல்ல சேட்டைக் காட்டிவிட்டு, மொத்தமாகக் கொடுக்கும்போது மெல்லிய துணியில் அடித்துத் தருவது இதே கதைதான். மாதிரிச் சேட்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். துணியின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) எவ்வளவு என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

நான் தேடிய குர்தா பிறகு கிடைத்தது. மருதமுனைக் கைத்தறித் துணியை, நெசவுக் குடும்பத்தில் பிறந்த எங்கள் பட்ச் தோழி ஒருத்தி ஊருக்குப் போய்வரும்போது எடுத்து வந்தாள். இரண்டரை மீற்றர் போதுமாக இருந்தது. வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டேன். பருத்தி முதல் கழுவலில் சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. ரவுணில் வீட்டில் வைத்துத் தைக்கிற ஒரு அக்காவிடம் கழுத்தையும் பொக்கெட்டையும் கடதாசியில் கீறிக் காட்டினேன். “பொக்கெட் கொஞ்சம் முன்னுக்கு வரட்டும் பிள்ளை, அப்பதான் கை இலகுவாப் போகும்” என்று தானே மாற்றிக் குறித்தார். துணி, தையற்கூலி எல்லாம் சேர்த்தும் அந்த ஆளுக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் வந்தது. வீதியில் நிற்பாட்டி எங்கே வாங்கினாய் என்று கேட்கிறார்கள், சந்தோசமாகச் சொல்கிறேன்.

ஒன்லைனில்தான் வாங்க வேண்டும் என்றால் பொதியைத் திறந்து துணியைக் கசக்கிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம். இருட்டில் வந்தால் வாசலில் லைட்டைப் போட்டு அங்கேயே விரித்துப் பாருங்கள், அவர் அவசரப்பட்டால் அவசரப்படட்டும்.

இந்த ஆளிடம் வாங்கியவர்கள் வேறு போடிங்குகளிலும் இருப்பீர்கள். உடுப்பைக் கழுவியிருந்தாலும், ஓரிரு முறை போட்டிருந்தாலும் பரவாயில்லை. லேபலை வெட்டி எறியாதீர்கள், ஸ்லிப்பைத் தேடி எடுத்து வையுங்கள். எங்கள் முறைப்பாட்டின் நிலையைக் கேட்க வரும் கிழமை போகிறோம். உங்களுடையதையும் எழுதிக் கொண்டுவர விரும்புகிறவர்கள் அதற்கு முன் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.