முட்டத்து மழைமேகத்துக்கு எந்த எடிட் சரி?

ஜூன் கடைசியில், தென்மேற்குப் பருவமழை நேரத்தில், குமரி மாவட்டத்து முட்டம் பாறைமேல் நின்று எடுத்த படம். கடலுக்கு மேல் மழை திரையாகத் தொங்குகிறது. மேகத்தில் ஒரு கிழிசல், அதன் வழியே வெயில் தண்ணீரில் விழுகிறது. நேரில் பார்க்க அப்படி இருந்தது, கணினியில் திறந்தால் சாம்பல் பூசிய மாதிரி கிடக்கிறது. சரி என்று நான்கு வழிகளில் எடிட் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் போனில் உள்ள எச்.டி.ஆர் ஃபில்டர், இருட்டிலும் வெளிச்சத்திலும் விவரத்தை வெளியே கொண்டுவருவது. ஒரே தட்டு, மேகம் சுருள் சுருளாக எழுந்து வந்துவிட்டது. கூடவே கலங்கரை விளக்கத்தைச் சுற்றிச் சாமிப் படத்து ஒளிவட்டம் மாதிரி ஒரு வெள்ளைக் கோடும் வந்தது. இந்த ஃபில்டர் அந்தந்த இடத்து கான்ட்ராஸ்டைத் தனித்தனியாகக் கூட்டுகிறது. இருட்டும் வெளிச்சமும் முட்டிக்கொள்ளும் விளிம்பில் அது வழிந்துவிடும். எங்கள் அத்தைக்கு நான்கில் இதுதான் பிடித்தது. "இதுலதான் மேகமே தெரியுது மக்கா" என்றார்.

அடுத்தது வானத்தையே மாற்றுவது. போட்டோஷாப்பில் 2020 அக்டோபரில் இந்த வசதி வந்தது முதல் கல்யாண ஆல்பங்களில் ஊதா வானம் பெருகிவிட்டது. ஆல்பத்துக்குச் சரி, கடலுக்குச் சரிவராது. என் படத்தில் வெயில் இடப்பக்கத் தண்ணீரில் பளபளக்கிறது, ஒட்டிய வானத்திலோ சூரியன் வலப்பக்கம். பொய்யை அலைகளே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் இந்தப் பக்கமே போகவேண்டாம்.

ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த மூன்று எக்ஸ்போஷர்களை இணைப்பது கௌரவமான வழி. டிரைபாடில் வைத்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு அல்லது பாதி) குறைத்து, சரியாக, இரண்டு ஸ்டாப் கூட்டி எடுத்து வைத்திருந்தேன். வானம் அருமையாக வந்தது, அலை நுரை மட்டும் மூன்று முறை அச்சடித்தது போல் ஆனது. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளிலும் இதே கதைதான். இறக்கை சுற்றுவதால் பேய் நிழல் விழும். அந்த நிழலை நீக்கும் டீகோஸ்ட் வசதியைப் போட்டாலும் அங்கங்கே மிஞ்சும். ஆனால் குமரிமுனை உதயத்தில் சூரியனையும் ஃபிரேமுக்குள் வைத்து, 133 அடி வள்ளுவர் சிலையின் கல்லிலும் விவரம் வேண்டும் என்றால் இதை விட்டால் வழியில்லை.

முட்டத்துப் படத்தில் சூரியனே இல்லை. இதன் அழகு முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறங்களில் ஒளிந்திருக்கிறது. அதற்கு ஒரே ஒரு ரா ஃபைல், அதாவது கேமரா சுருக்காமல் பதியும் மூலக் கோப்பு, போதும். ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள், 14 பிட் ராவில் 16,384. மேகத்தை இழுத்துப் பிடிக்கும்போது ஜேபெக் பட்டை பட்டையாக உடைந்துவிடும், ரா தாங்கும். கிழிசல் வெளுத்துவிடாமல் இருக்க எடுக்கும்போதே ஒரு ஸ்டாப் குறைத்திருந்தேன்.

லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் ஹைலைட்ஸ் (வெளிச்சப் பகுதி) −70, ஷேடோஸ் (நிழல் பகுதி) +25. அப்புறம் வானத்துக்கு மட்டும் மாஸ்க், அதாவது அந்தப் பகுதியை மட்டும் மாற்றும் தேர்வு. எந்த மென்பொருளின் தானியங்கி வான மாஸ்க்கும் தென்னை ஓலையில் தடுமாறும். ஓலை இடுக்கில் பழைய வெளிர்வானம் துண்டு துண்டாக நிற்கும். அதனால் மேலிருந்து கீழே படிப்படியாக மங்கும் மாஸ்க்கான லீனியர் கிரேடியன்ட் ஒன்றை இழுத்து, தொடுவானத்துக்குச் சற்று மேலேயே கரைய விட்டேன். மழைத்திரை மென்மையாகவே நின்றது. அந்த கிரேடியன்ட் பகுதிக்குள் மட்டும் எக்ஸ்போஷர் −0.4, மூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸ் +15. டீஹேஸ் நிறத்தையும் ஏற்றிவிடும், மேகம் நீலச்சாயம் குடித்தது போல் ஆகும். சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) −8க்கு இறக்கினால் சமமாகிவிடும்.

டீஹேஸ் ஏற்றியதும் வானத்தில் வெண்திட்டுகள் ஏழெட்டு முளைத்தன. முட்டத்து உப்புச்சாரல் லென்ஸில் காய்ந்து படிந்திருக்கிறது. அதுவரை கண்ணில் படவே இல்லை. ஹீலிங் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் துடைக்க இருபது நிமிடம் போயிற்று, எடிட் முழுவதற்கும் ஆனதைவிட அதிகம். இப்போது பையில் துணி தனியாக வைத்திருக்கிறேன், ஐந்து ஷாட்டுக்கு ஒரு தடவை லென்ஸைத் துடைக்கிறேன்.

பிரிண்ட் போடுவதாக இருந்தால் எக்ஸ்போஷரைக் கால் ஸ்டாப் ஏற்றி அனுப்புங்கள். திரையில் பார்த்த கருமேகம் தாளில் இன்னும் இருண்டுதான் வரும்.