மனச்சோர்வுக்குப் பொடி விற்கிறார்கள், மொரீசியஸ் மக்களே கவனம்

ரோஸ் ஹில், காத்ர் போர்ன் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள், வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். தைப்பூசக் காவடி முடிந்த கையோடு கோயில் வாசலில் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். மனச்சோர்வு, தூக்கமின்மை, பயம் எல்லாவற்றுக்கும் மூலிகை மருந்தாம், பக்கவிளைவே கிடையாதாம். என் தங்கை அரசு மருத்துவமனையில் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு, அப்போதுதான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அத்தை நல்ல எண்ணத்தில்தான் அவளை அந்தச் சீட்டில் சொன்ன வைத்தியரிடம் கூட்டிப் போனார்.

நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார், அவ்வளவுதான். என்ன மாத்திரை, எத்தனை நாளாக என்று ஒரு கேள்வி இல்லை. "இங்கிலீஷ் மருந்தை இன்றைக்கே நிறுத்திவிடும்மா, ரெண்டும் சேர்ந்தால் விஷம்" என்று சொல்லி, லேபிள் இல்லாத பொட்டலங்களைக் கொடுத்து 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

பணம் போனால் போகட்டும். செர்ட்ராலின் மாதிரி மருந்தை டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் சில நாளிலேயே வரலாம். தங்கைக்கு அத்தனையும் வந்தது. போன் செய்து கேட்டால், "நச்சு வெளியேறுகிறது, பொடியைக் கூட்டிக்கொள்" என்கிறார்! அப்புறம் அவள் சாப்பாட்டை விட்டாள், வாழப் பிடிக்கவில்லை என்றாள், அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பொடியில் என்ன இருக்கிறது என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். அந்த ஆளைக் கேட்டால் பரம்பரை ரகசியமாம். அமுக்கரா (அஸ்வகந்தா) இருந்தால் தூக்க மாத்திரையோடு மயக்கம் கூடலாம், தைராய்டு அளவு மாறலாம், சிலருக்கு ஈரல் பாதித்ததாகவும் பதிவுகள் உண்டு. சர்ப்பகந்தா என்ற மூலிகையின் வேர் இருந்தால் இன்னும் மோசம். அந்த வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்து 1950களில் ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கப்பட்டது, சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக டாக்டர்கள் அப்போதே எழுதினார்கள். மனம் சோர்ந்தவருக்கு அதையா கொடுப்பது? 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருந்ததாகச் சொன்னது. லேபிளே இல்லாத பொட்டலத்தை எப்படி நம்புவது?

ஆயுர்வேதத்தை நான் குறை சொல்லவில்லை. நம் நாட்டில் 1989லிருந்தே அதற்குத் தனிச் சட்டம் உண்டு, வைத்தியர் முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும். இவரிடம் பதிவு எண் கேட்டோம், போனை வைத்துவிட்டார். பணமும் திரும்பவில்லை.

தங்கை இப்போது பழைய மருந்தில்தான் இருக்கிறாள், மெல்லத் தேறி வருகிறாள். மீதிப் பொடியை டாக்டரிடமே கொடுத்துவிட்டோம். உங்கள் வீட்டிலும் அந்தப் பொட்டலம் இருந்தால் தூக்கி எறியாதீர்கள், அப்படியே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். மாத்திரையை ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் திட்டமாட்டார்.