கிணற்று மோட்டார்: காயில் கட்டலாமா, புதுசு வாங்கலாமா?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கோடையில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் புகைந்தால் எல்லாருக்கும் இதே குழப்பம்தான்: கருகிய காயிலை, அதாவது உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளை, எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா, புது மோட்டாரே வாங்கலாமா?

செலவு: காயில் கட்டினால் செம்புக் கம்பியும் கூலியும்தான், புதுசுக்கு அதைவிட நிறைய ஆகும்.

உழைப்பு: பழைய வார்ப்பிரும்பு பாடி கனமானது, காயிலும் பேரிங்கும் மாற்றினால் இன்னும் ஓடும், ஆனால் பழைய காயிலைக் கழற்ற ஸ்டேட்டரை (காயில் உட்கார்ந்திருக்கிற, சுழலாத இரும்புப் பகுதி) தீயில் சுடுகிற பட்டறை என்றால் வேண்டாம், உள்ளே தகடுகளின் பூச்சு கருகி மோட்டார் கூடுதலாகச் சூடேறும். புதுசுக்கு வாரண்டி உண்டு.

கரண்ட்: மின்சாரச் சிக்கனத்துக்கான ஸ்டார் முத்திரை அதிகம் உள்ள புது மோட்டார் குறைவாக இழுக்கும். விவசாய இணைப்புக்குக் கரண்ட் இலவசம்தானே, அதனால் வீட்டு மோட்டாருக்குத்தான் இந்தக் கணக்கு.

சரி, முதல் தடவை எரிந்திருக்கிறது, ஷாஃப்ட் தேயவில்லை என்றால் கட்டுங்கள். ஏற்கெனவே ரெண்டு தடவை கட்டியாச்சு, பாடியிலும் விரிசல் என்றால் புதுசுதான். எதுவானாலும், த்ரீ ஃபேஸ் மோட்டார் என்றால், மூன்றில் ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்துகிற பிரிவென்டர் இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள்.