டாஸ்-28: முடக்குவாத மருந்தாய்வில் இந்த அளவுகோலை எவ்வளவு நம்பலாம்?

முடக்குவாத (ருமட்டாய்டு மூட்டழற்சி) மருந்து ஒன்று ஆய்வில் வேலை செய்ததா இல்லையா என்று பார்க்க அடிக்கடி கையில் எடுக்கப்படும் அளவுகோல் டாஸ்-28. நெதர்லாந்தின் நைமேகனில் உருவாகி 1995-இல் வெளிவந்தது. நான்கு விவரம் கிடைத்தால் ஒரே எண்ணில் நோயின் வேகம் தெரிந்துவிடும். ஒரு நோயாளியின் போக்கைத் தொடர்ந்து கவனிக்க இது நல்ல கருவிதான். ‘நோய் அடங்கிவிட்டது’ என்று தீர்ப்பு எழுத இதை மட்டும் நம்புவது தவறு.

கணக்கு இப்படி. அழுத்தினால் வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து 0.56-ஆல் பெருக்க வேண்டும். வீங்கிய மூட்டுகளின் வர்க்கமூலத்தை 0.28-ஆலும், இ.எஸ்.ஆரின் (குழாயில் ரத்தச் சிவப்பணு படியும் வேகம்; அழற்சி இருந்தால் கூடும்) இயல் மடக்கையை 0.70-ஆலும், நோயாளி தன் நிலைக்குத் தானே தரும் 0–100 மதிப்பெண்ணை 0.014-ஆலும் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் டாஸ்-28. 2.6-க்குக் கீழே வந்தால் நோய் அடங்கியது, 3.2 வரை குறைந்த வேகம், 5.1-க்கு மேல் கடும் வேகம்.

பெருக்கெண்களைப் பார்த்தாலே முதல் குறை தெரியும். வலிக்கு வீக்கத்தைப் போல இரு மடங்கு எடை. ஃபைப்ரோமயால்ஜியாவும் (அழற்சி இல்லாமலே உடல் முழுக்க வலிக்கும் நோய்) சேர்ந்திருப்பவருக்கு மூட்டில் அழற்சி அடங்கிய பிறகும் எண் இறங்காது.

இதைவிடப் பெரிய வில்லங்கம் இ.எஸ்.ஆர். 4 மூட்டு வலி, 4 மூட்டு வீக்கம், நோயாளியின் மதிப்பெண் 20, இ.எஸ்.ஆர். 40 என்று வையுங்கள்: டாஸ்-28 4.54 வரும். மூட்டுகள் அப்படியே இருக்க, இ.எஸ்.ஆர். மட்டும் 4-க்கு இறங்கட்டும்: 2.93. குறைந்தது 1.61. எண் 1.2-க்கு மேல் குறைந்து 3.2-க்குள் வந்தால் ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவ அமைப்பான யூலாரின் அளவையில் அது ‘நல்ல பலன்’. ஒரு மூட்டின் வீக்கம்கூட வற்றாமலே நல்ல பலன்! டோசிலிசுமாப் போல, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் கல்லீரலில் அழற்சிப் புரதங்கள் உருவாவதையே நேரடியாக அடக்கிவிடுகின்றன, இ.எஸ்.ஆரும், ரத்தத்தில் அளக்கும் அழற்சிப் புரதமான சி.ஆர்.பி.யும் சரிந்துவிடும். அப்படிப்பட்ட மருந்தை வேறு வகை மருந்தோடு டாஸ்-28 வைத்து ஒப்பிடுவது கள்ளத் தராசில் நிறுப்பது போலத்தான். ரத்தசோகை இதற்கு நேர்மாறு, இ.எஸ்.ஆரை ஏற்றிக் காட்டும். இ.எஸ்.ஆர். குழாய் சாய்ந்து நின்றாலும் அளவு கூடும்.

28 மூட்டு என்பது தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் ஆகிய 4 ஜோடியும் கைவிரல்களின் அடி மூட்டு 10, நடு மூட்டு 10-ம் (கட்டைவிரலின் உள் மூட்டு இதில் சேர்த்தி). கணுக்காலும் பாதமும் இல்லை. எண்ண எளிது என்பதற்காக விட்டார்கள். ஆனால் முடக்குவாதம் பாதத்தை விட்டுவைப்பதில்லை. எனவே பாதம் வீங்கியிருப்பவரும் ‘அடங்கியவர்’ பட்டியலில் ஏறிவிடுவார்.

எண்ணுகிற கையும் முக்கியம். பரிசோதிப்பவரின் நகத்தடி வெளுக்கும் அளவுக்கு அழுத்துவது வழக்கம். இதை ஆய்வு தொடங்கும் முன்பே எல்லா மையத்துக்கும் ஒன்றுபோலப் பழக்க வேண்டும். ஒரு நோயாளிக்குக் கடைசிவரை ஒரே பரிசோதகர் நல்லது. அவருக்கு ரத்தப் பரிசோதனை முடிவோ பக்கவிளைவுக் குறிப்போ கண்ணில் படக் கூடாது, பட்டால் யாருக்கு எந்த மருந்து என்று ஊகித்துவிடலாம். இடையில் ஸ்டீராய்டு ஊசி போட்ட மூட்டை எப்படி எண்ணுவது என்பதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். முடிவைப் பார்த்தபின் தீர்மானித்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

பதிவுப் பிழைகளும் சாதாரணமல்ல. நோயாளி தன் மதிப்பெண்ணாக 100 மி.மீ. கோட்டில் குறித்த 60 மி.மீ.-ஐ ‘6’ என்று ஏற்றினால் 0.76 காணாமல் போகும். இ.எஸ்.ஆருக்குப் பதில் சி.ஆர்.பி. வைத்து டாஸ்-28 கணக்கிடும் வடிவத்துக்கு லிட்டருக்கு மில்லிகிராம் வேண்டும்; டெசிலிட்டர் அளவை அப்படியே போட்டு 30-க்குப் பதில் 3 ஆனால் இழப்பு 0.74. அந்த வடிவம் பொதுவாகச் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதால், இரண்டையும் ஒரே ஆய்வில் கலந்தால் அது ஒப்பீடே அல்ல.

கூட என்ன வைத்துக்கொள்ளலாம்? எங்கள் தேர்வு சி.டி.ஏ.ஐ. என்ற இன்னொரு அளவுகோல். வலி, வீக்கம் என இரண்டு மூட்டு எண்ணிக்கை, நோயாளியும் மருத்துவரும் 10-க்குத் தரும் மதிப்பெண்கள், அவ்வளவுதான். வெறும் கூட்டல், ரத்தப் பரிசோதனை வேண்டாம். 76-இல் 2.8-க்குள் இருந்தால் நோய் அடங்கியது. டாஸ்-28-ஐப் பழைய ஆய்வுகளோடு ஒப்பிடுவதற்காக இரண்டாம் அளவையாக வைத்துக்கொள்ளலாம். சோரியாசிஸ் மூட்டுவாத ஆய்வுக்கு மட்டும் 28 மூட்டுக் கணக்கே வேண்டாம்: விரல் நுனி மூட்டுகளையும் பாதத்தையும் சேர்த்து, வீக்கத்துக்கு 66, வலிக்கு 68 என்று எண்ண வேண்டும்.